6 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் போடுவது எப்படி? நெல்லைச் சீமையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்க அப்பா பாளையங்கோட்டையில் பேட்டரி சார்ஜ் கடை வைத்திருந்தார். பல ஊர்களுக்குக் கரண்ட் எட்டாத காலம் அது. வால்வு ரேடியோ பேட்டரியைச் சைக்கிள் கேரியரில் சாக்கு போட்டுக் கட்டிக்கொண்டு சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் வருவார்கள். அப்பா அவற்றைப் பலகை மேல் வரிசையாக வைத்து, ஒன்றின் ப்ளஸ்ஸை அடுத்ததன் மைனஸோடு கோத்து, நடுவில் பல்புகளைப் போட்டுக் கரண்ட்டைக் கட்டுப்படுத்துவார். எத்தனை பல்பு எரிகிறது என்பதைப் பார்த்தே எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று சொல்லிவிடுவார். நான் தொழில் படித்தது அங்கேதான். இப்போது என்னிடம் ஒரு மாரிஸ் எய்ட் இருக்கிறது. பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் போன் போட்டுக் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

தாத்தா காலத்து வண்டி ஒன்னு தொழுவத்துல நிக்கி. அது 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, எப்படிக் கண்டுபிடிக்கது?

பேட்டரி மேல் இருக்கும் மூடிகளை எண்ணுங்கள். மூன்று இருந்தால் 6 வோல்ட், ஆறு இருந்தால் 12 வோல்ட். ஒரு செல் சுமார் 2 வோல்ட் தரும் என்பதால் இந்தக் கணக்கு.

மாரிஸ் எய்ட், ஆஸ்டின் செவன், ஃபோர்டு மாடல் ஏ, இரண்டாம் உலகப் போர்க் கால வில்லீஸ் ஜீப், 1960-களின் நடுப்பகுதி வரை வந்த ஃபோக்ஸ்வாகன் பீட்டில் எல்லாமே 6 வோல்ட்டாகப் பிறந்த வண்டிகள். அம்பாசிடரும் ஃபியட் 1100-ம் 12 வோல்ட். பழைய புல்லட், ஜாவா, ராஜ்தூத் வைத்திருப்பவர்களுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். அவர்கள் ஆம்பியரை மட்டும் நன்றாகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

பேட்டரியே இல்லாமல் வண்டி கைக்கு வந்திருந்தால் பல்பைக் கழற்றி அடியில் அடித்திருக்கும் எழுத்தைப் பாருங்கள். ஒரு பல்போடு நிறுத்தாமல் எல்லாவற்றையும் பாருங்கள். இடையில் யாராவது பாதி வண்டியை மட்டும் 12-க்கு மாற்றி வைத்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மீட்டரில் எவ்வளவு காட்டினால் ஃபுல் சார்ஜ்?

சார்ஜரைக் கழற்றின உடனே அளந்தால் பொய்க்கணக்குதான் வரும். ஒரு ராத்திரி சும்மா விட்டு, காலையில் அளக்க வேண்டும். 6.35 வோல்ட் பக்கம் இருந்தால் நிறைந்திருக்கிறது. 6.2 என்றால் முக்கால்வாசி, 6.1 என்றால் பாதி, 6.0 என்றால் கால்வாசி. 5.9-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பேட்டரிக்கும் காலிப் பேட்டரிக்கும் அரை வோல்ட்கூட வித்தியாசம் இல்லை. அதனால் முள் மீட்டர் பயன்படாது, டிஜிட்டல் மல்டிமீட்டர் வேண்டும்.

நம் வெயிலுக்காகவே கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. குளிர் நாட்டில் ஊற்றுகிற ஆசிட்டின் அடர்த்தி 1.265 முதல் 1.280 வரை இருக்கும். சூடான ஊர்களில் பிளேட் சீக்கிரம் அரிக்காமல் இருக்க 1.240 பக்கம் ஊற்றுவது வழக்கம். ஓய்வில் இருக்கும் செல்லின் வோல்ட் ஏறக்குறைய அந்த அடர்த்தியோடு 0.84 சேர்த்த அளவு. ஆகவே 1.240 ஊற்றிய பேட்டரி நிறைந்திருந்தாலும் ஒரு செல்லுக்கு 2.08, மூன்றுக்கும் சேர்த்து 6.24 வோல்ட்தான் காட்டும். வெளிநாட்டு அட்டவணையைப் பார்த்துவிட்டு, "முக்கால்வாசிதானே ஏறியிருக்கு" என்று மேலும் மேலும் சார்ஜ் போட்டுப் பேட்டரியைக் கொதிக்க விட்டவர்கள் உண்டு. பேட்டரி வாங்கும்போதே என்ன அடர்த்தியில் ஆசிட் ஊற்றினார்கள் என்று கேட்டு, பேட்டரியின் பக்கவாட்டிலேயே பெயின்ட்டால் எழுதி வையுங்கள்.

எத்தனை ஆம்பியர் சார்ஜர் வாங்கட்டும் அண்ணாச்சி?

பேட்டரியின் ஆம்பியர்-அவரில் (எத்தனை ஆம்பியரை எத்தனை மணி நேரம் தரும் என்கிற கொள்ளளவு) பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். 60 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 6 ஆம்பியர் என்பது உச்சம். என்னைக் கேட்டால் 3 ஆம்பியர் போதும். பாதி இறங்கிய பேட்டரிக்கு 30 ஆம்பியர்-அவர் திருப்பிக் கொடுக்க வேண்டும். சேதாரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 36. அதை 3 ஆம்பியரில் ஏற்றப் பன்னிரண்டு மணி நேரம். சாயங்காலம் போட்டால் விடியற்காலை முடிந்துவிடும்.

ஆட்டோமேட்டிக் சார்ஜர் என்றால், 6 வோல்ட் நிலையில் அது 7.2 முதல் 7.35 வோல்ட்டுக்குள் நிற்கிறதா என்று ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். அந்தக் கணக்கு 25 டிகிரி வெப்பத்துக்கு உரியது. சித்திரை வைகாசியில் நம் ஷெட்டுக்குள் 40 டிகிரி இருக்கும்போது 7.15-லேயே போதும் என்று நிறுத்தலாம். வெப்பம் ஏற ஏறப் பேட்டரி குறைந்த வோல்ட்டிலேயே குமிழ் விட ஆரம்பித்துவிடும்.

6, 12 இரண்டுக்கும் சுவிட்ச் வைத்த சார்ஜர் என்றால், ஒவ்வொரு முறையும் அந்தச் சுவிட்சைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஆன் செய்யுங்கள்.

வீட்டில் 12 வோல்ட் சார்ஜர்தான் இருக்கு. அதை வச்சு ஒப்பேத்த முடியாதா?

நேராகக் கொடுக்கக் கூடாது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் என்றால் ஆம்பியர் முள் கடைசிக்குப் போய் முட்டும், பத்து நிமிடத்தில் ஆசிட் கொதிக்கும். புது ஆட்டோமேட்டிக் சார்ஜரோ 6 வோல்ட் பேட்டரியைச் செத்துப்போன 12 வோல்ட் பேட்டரி என்று நினைத்துக்கொள்ளும். ஒன்று வேலை செய்ய மறுக்கும், இல்லாவிட்டால் 14 வோல்ட்டை எட்டும் வரை விடாமல் தள்ளும்.

அவசரத்துக்கு அப்பாவின் பல்பு வழி இருக்கிறது. பழைய சார்ஜரின் ப்ளஸ் வயருக்கும் பேட்டரியின் ப்ளஸ்ஸுக்கும் நடுவில் 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றைத் தொடராகப் போடுங்கள். பாதி வோல்ட்டைப் பல்பு தின்றுவிடும். மூன்று, மூன்றரை ஆம்பியர்தான் பேட்டரிக்குப் போகும். பல்பு மங்கலான மஞ்சளாக எரிந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். ஆனால் பேட்டரி நிறைந்தாலும் அந்தப் பல்பு அணையாது. கரண்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நீங்களே பக்கத்தில் இருந்து அரை மணிக்கொரு தடவை பேட்டரியில் மீட்டர் வைத்து, 7.2 வந்ததும் நிறுத்த வேண்டும். போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்களுக்கு இந்த வழி ஆகாது.

ஒரே வயதுள்ள, ஒரே அளவுள்ள இரண்டு 6 வோல்ட் பேட்டரி இருந்தால் தொடராகக் கோத்து 12 வோல்ட் சார்ஜரில் போடலாம். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் புதுசு நிறைந்து கொதித்த பிறகும் பழசு பசியோடுதான் இருக்கும்.

வீட்டில் எந்த இடத்தில் வைத்துச் சார்ஜ் போடுவது?

புறவாசல்தான் சரி. மழை படாத, காற்று வருகிற இடம். தார்சாவும் பரவாயில்லை. பட்டாசலிலும் ரெண்டாங்கட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டு போடக் கூடாது. அடுக்களைப் பக்கமும் பூசை அறைப் பக்கமும் நினைத்தே பார்க்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது, அதிலும் கடைசிக் கட்டத்தில், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். திருக்கார்த்திகை அன்று வீடு முழுக்க விளக்கு வைப்போம். அன்று சார்ஜருக்கு விடுமுறை.

வண்டியிலிருந்து கழற்றும்போது முதலில் எர்த் கிளாம்பை (பேட்டரியை வண்டியின் பாடியோடு சேர்க்கும் வயரின் பிடி) கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. சார்ஜர் கிளிப்பை முதலில் பேட்டரியில் நன்றாகக் கவ்வ வைத்துவிட்டு அப்புறம் கரண்ட் சுவிட்சைப் போடுங்கள். எடுக்கும்போது சுவிட்சை அணைத்துவிட்டுக் கிளிப்பை எடுங்கள். பேட்டரி வெடித்த கதை என்று கேள்விப்படுவதில் பாதி, ஓடுகிற சார்ஜரின் கிளிப்பைப் பிடுங்கியதால் வந்த பொறிதான். மூடியில் இருக்கும் ஊசித்துளைகள் அழுக்கால் அடைபட்டிருந்தால் முதலில் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் ஒரு பொட்டலம் சமையல் சோடாவும் இருக்கட்டும். ஆசிட் கண்ணில் பட்டால் சோடா வேண்டாம், வெறும் தண்ணீரை விடாமல் கால் மணி நேரமாவது ஊற்றிக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

என் வண்டியில் ப்ளஸ்தான் எர்த். சார்ஜரை மாற்றிக் கொடுக்கணுமா?

வேண்டாம். சார்ஜருக்கு எர்த் எது என்ற கவலையே கிடையாது. ப்ளஸ்ஸுக்கு ப்ளஸ், மைனஸுக்கு மைனஸ், அவ்வளவுதான். வண்டியில் இருக்கும்போதே போடுவதானால் எர்த் ஆகாத முனையில் முதல் கிளிப், அடுத்த கிளிப்பைப் பேட்டரிக்குத் தள்ளி இன்ஜின் பாடியில்.

ப்ளஸ் எர்த் வண்டியில் பழகாத கைதான் தப்புச் செய்யும். கறுப்பு வயர் என்றால் எர்த் என்று இன்றைய மெக்கானிக் பையன் நம்புவான். அவன்மேல் குற்றமில்லை. பானட்டின் உள்பக்கம் 'இந்த வண்டியில் ப்ளஸ் எர்த்' என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். முனையில் குறி அழிந்துவிட்டதா? தடித்த முனைதான் ப்ளஸ், மைனஸ் சற்று மெலிந்திருக்கும். அதுவும் தேய்ந்துபோய் மீட்டரும் கையில் இல்லையென்றால், ஒரு தம்ளர் உப்புத் தண்ணீரில் இரண்டு முனையிலிருந்தும் வயர் கொண்டுவந்து, ஒன்றோடொன்று படாமல் நனையுங்கள். எந்த வயரில் குமிழ் பொங்கி வருகிறதோ அது மைனஸ்.

தாமிரபரணித் தண்ணி அவ்வளவு நல்ல தண்ணியாச்சே, பேட்டரிக்கு ஊத்தக் கூடாதா?

குடிப்பதற்கு அதைப் போல் தண்ணீர் இல்லை. பேட்டரிக்கு மட்டும் ஆகாது. எவ்வளவு ருசியான தண்ணீராக இருந்தாலும் அதில் கரைந்த உப்பு இருக்கும், சுண்ணாம்பு இருக்கும், குழாய் வழியாக வந்தால் குளோரினும் இருக்கும். நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துப் போர்த் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வாளியிலேயே வெள்ளை படிகிறது. பேட்டரிக்குள் நீர் மட்டும்தான் ஆவியாகும், உப்பு உள்ளேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். ஆர்.ஓ. தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு மிச்சம் இருக்கும். ஏ.சி. சொட்டுத் தண்ணீரில் தூசியும் செம்பும் கலந்திருக்கும். கடையில் டிஸ்டில்ட் வாட்டர் வாங்குங்கள். அது ஒன்றும் பெரிய செலவில்லை.

பிளேட்டுக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் நின்றால் போதும். பிளேட் வெளியே தெரிந்தால் சார்ஜ் போடுமுன் அது மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். மிச்சத்தை ஃபுல் சார்ஜ் ஆன பிறகு ஊற்றுங்கள். முதலிலேயே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது மட்டம் உயர்ந்து, ஆசிட் வழிந்து, பேட்டரி தட்டையும் சேசிஸையும் தின்றுவிடும். குறைந்த மட்டத்துக்கு ஆசிட் ஊற்றாதீர்கள். கீழே கொட்டிப் போயிருந்தால் ஒழிய, குறைந்தது தண்ணீர் மட்டும்தான்.

ஹைட்ரோமீட்டர் அவசியமா?

அவசியம். மீட்டர் மூன்று செல்லையும் சேர்த்துச் சொல்லும், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒவ்வொரு செல்லின் கதையையும் தனித்தனியாகச் சொல்லும். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் நிம்மதி. ஃபுல் சார்ஜ் போட்ட பிறகும் ஒன்று மட்டும் 0.050 குறைவாக நின்றால் அந்தச் செல் போய்க்கொண்டிருக்கிறது. 27 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் 0.007 கூட்டிக்கொள்ளுங்கள். மத்தியான வெயிலில் 1.233 காட்டினால் உண்மையில் 1.240 பக்கம் இருக்கும்.

மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி கேட்டாவ, கொடுத்தேன். திரும்பி வந்ததுல இருந்து செல்ஃப் எடுக்க மாட்டேங்கு. நடுவுல நாலு தடவை செல்ஃப் அடிச்சதுதான் காரணமா?

என்னிடம் அதிகமாக வருகிற கேள்வி இதுதான். ஆவணியிலும் தையிலும் வாரத்துக்கு ஒருவராவது கேட்பார்கள்.

செல்ஃப் மேல் பழி போடாதீர்கள். செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுத்தாலும் ஐந்து விநாடிதான் இழுக்கிறது. கணக்குப் போட்டால் ஒரு தடவைக்கு 0.2 ஆம்பியர்-அவர். நாலு தடவைக்கு 1-கூட ஆகவில்லை. பேட்டரியைக் காலி செய்தது விளக்கு.

ஹெட்லைட் பல்பு ஒன்று 24 வாட் என்று வைத்துக்கொள்வோம். 6 வோல்ட்டில் அது 4 ஆம்பியர். இரண்டுக்கும் 8. முன்னும் பின்னுமாக நாலு சின்ன பல்பு, ஒவ்வொன்றும் 6 வாட், அதற்கு 4. இக்னிஷன் காயிலுக்கு 3. ஆகக்கூடி 15 ஆம்பியர். நாகசுரக்காரர் நின்று நின்று வாசிக்க, கோயிலிலிருந்து மண்டபம் வரை வண்டி நடை வேகத்தில் இரண்டு மணி நேரம் ஊர்ந்தது. 30 ஆம்பியர்-அவர் போயிற்று. 60 ஆம்பியர்-அவர் பேட்டரியில் அது சரிபாதி.

இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்க வேண்டிய டைனமோ என்ன செய்தது என்று கேட்பீர்கள். இன்றைய வண்டியில் இருக்கும் ஆல்டர்னேட்டர் இன்ஜின் ஐடிலில் நின்றாலும் ஓரளவு சார்ஜ் கொடுக்கும். டைனமோ அப்படியில்லை. டாப் கியரில் மணிக்கு 25, 30 கிலோமீட்டர் வந்தால்தான் கட்-அவுட் (டைனமோவைப் பேட்டரியோடு சேர்க்கும் தானியங்கி சுவிட்ச்) மூடி, பேட்டரிக்குக் கரண்ட் வரும். ஊர்வலம் முழுக்க ஆம்பியர் முள் மைனஸ் பக்கமே படுத்திருந்திருக்கும். மாலைக்கு மேல் மாலையாகப் போட்டு டேஷ்போர்டை மறைத்துவிட்டதால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"மறுநாள் பாபநாசம் வரை ஓட்டிட்டு வந்தா ஏறிராதா?" என்றும் கேட்கிறார்கள். ஏறாது. டைனமோ 8 ஆம்பியர் கொடுத்தால் 3 காயிலுக்குப் போய் 5 மிஞ்சும். போகவர இரண்டரை மணி நேரம் ஓட்டினாலும் 12 ஆம்பியர்-அவர்தான் சேரும். இறங்கியதில் பாதிகூட இல்லை. பாதி சார்ஜில் நிற்கிற பேட்டரியின் பிளேட்டில் வெள்ளையாக சல்பேட் படிந்து இறுகும். பழைய வண்டிப் பேட்டரிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் சாகின்றன. யாரும் கெடுதல் செய்வதில்லை. ஓட்டியதிலேயே சார்ஜ் ஏறியிருக்கும் என்று நம்பி விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே கல்யாணத்துக்குக் கொடுக்கிற நாளுக்கு முந்தின ராத்திரி ஒரு சார்ஜ், திரும்பி வந்த ராத்திரியே ஒரு சார்ஜ். ஊர்வலத்தில் தெருவிளக்கு இருக்கிற இடத்தில் ஹெட்லைட்டை அணைக்கச் சொல்லுங்கள். சீரியல் செட் கட்ட வருகிறவர்கள் உங்கள் பேட்டரியிலிருந்து வயர் இழுக்கவே கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் தனியாக ஒரு பேட்டரி கொண்டு வரட்டும்.

கடையில் கொடுத்தால் இரண்டு மணி நேரத்தில் பூஸ்ட் போட்டுக் கொடுக்கிறார்களே, அது போதாதா?

நானே ஒருமுறை கொடுத்தேன். மறுநாள் காலையில் வண்டி வேண்டும், வீட்டில் கரண்ட் இல்லை. ஒரு கடையில் இறக்கிவிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் போனேன். பத்தடி தூரத்திலேயே சீறும் சத்தம் கேட்டது. பக்கவாட்டில் கை வைக்க முடியவில்லை, தோசைக்கல் மாதிரி. சார்ஜரில் 25 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்கச் சொல்லி, சூடு ஆறினதும் ஹைட்ரோமீட்டரை நடுச் செல்லில் விட்டு உறிஞ்சினேன். கண்ணாடிக்குள் ஏறியது தெளிந்த ஆசிட் இல்லை, கருப்பட்டிக் காப்பி. ப்ளஸ் பிளேட்டிலிருந்த மருந்தெல்லாம் உதிர்ந்து கலங்கிவிட்டது. உதிர்ந்தது உதிர்ந்ததுதான், எந்தச் சார்ஜும் அதைத் திரும்ப ஒட்ட வைக்காது. ஒரு மாதத்துக்குள் அந்தச் செல் படுத்துவிட்டது. ஒன்றரை வருடம்தான் ஆன பேட்டரி.

அந்தக் கடைக்காரருக்கு அன்றாடம் வருவது பெரிய லாரி, டிராக்டர் பேட்டரிகள். அதே கணக்கைச் சின்னப் பேட்டரிக்கும் போட்டுவிட்டார். கொடுக்கிற நான் 'ஆறு ஆம்பியருக்கு மேல் வேண்டாம்' என்று சீட்டு எழுதி ஒட்டியிருக்க வேண்டும். இப்போது ஒட்டித்தான் கொடுக்கிறேன். எந்தச் சார்ஜிலும் பேட்டரி கை பொறுக்கும் சூட்டைத் தாண்டக் கூடாது. ஆசிட்டில் தெர்மாமீட்டர் வைத்தால் 45 டிகிரியில் நிறுத்தி ஆற விடுங்கள். மே மாதத்தில் பகலில் சார்ஜே போடாதீர்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் போடுங்கள்.

ஒரு தடவை சார்ஜ் போட எவ்வளவு கரண்ட் ஆகும்?

பன்னிரண்டு மணி நேரம் 3 ஆம்பியரில் போட்டால் அரை யூனிட்டுக்கும் குறைவு.

நடுவில் கரண்ட் போய்ட்டு வந்தால்?

பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது. சார்ஜரைத்தான் பார்க்க வேண்டும். சில ஆட்டோமேட்டிக் சார்ஜர்கள் கரண்ட் திரும்பி வந்ததும் தானாகத் தொடங்காமல், பட்டனை அமுக்கும் வரை சும்மா நிற்கும். காலையில் போய்ப் பார்த்தால் விளக்கு எரியும், ஒன்றும் ஏறியிருக்காது. வேறு சில, 6-ல் வைத்திருந்தாலும் கரண்ட் வந்ததும் 12-க்குத் தாவிவிடும். வாங்கின அன்றே, வேண்டுமென்றே பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகிப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் கரண்ட்டில் சார்ஜ் போடுவது ஒரு பேட்டரியை வதைத்து இன்னொரு பேட்டரியை வளர்ப்பது. வேண்டாம்.

சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்கிறார்களே?

மரப்பெட்டிப் பேட்டரிக் காலத்துப் பேச்சு அது. ரப்பர் பெட்டிக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்கும் தரையால் ஒன்றும் இல்லை. மேலே படிந்திருக்கும் ஆசிட் ஈரமும் தூசியும்தான் இரண்டு முனைக்கும் பாலம் போட்டு இறக்கிவிடும். ஆனாலும் நான் பலகை மேல்தான் வைக்கிறேன், ஆசிட் சிந்தினால் தரை கெடும். ஆயுத பூசைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பவர்கள் மறுநாள் ஈரத்துணியால் துடைத்து விடுங்கள்.

வண்டியை எடுக்காத மாசங்களில் சார்ஜரை மாட்டியே விட்டுவிடலாமா?

பழைய மாதிரி 'ட்ரிக்கிள்' சார்ஜர் என்றால் கூடாது. அது ஒரு ஆம்பியர் என்றாலும் நிறுத்தவே தெரியாமல் தள்ளித் தண்ணீரை வற்ற வைத்துவிடும். நிறைந்ததும் 6.75 வோல்ட்டுக்கு இறங்கி நிற்கிற சார்ஜர் என்றால் மாட்டியே விடலாம். நம் கோடைக்கு 6.6 போதும், அதற்கு மேல் போனால் மாதம் ஒருமுறை தண்ணீர் பாருங்கள்.

எனக்குப் பிடித்தது வேறு வழி. பேட்டரி சும்மா நின்றாலும் தானாக இறங்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த இறக்கம் சுமார் இரட்டிப்பாகும். குளிர் ஊரில் இரண்டு மூன்று மாதம் தாங்குவது இங்கே ஒரு மாதம்தான். நம் ஊரில் அமாவாசைக்கு வண்டியைக் கழுவி எலுமிச்சம்பழம் வைப்பது வழக்கம்தானே. அன்றைக்கே பேட்டரியையும் புறவாசலுக்கு எடுத்து ஒரு ராத்திரி சார்ஜ் போட்டுவிடுங்கள். நாள் மறக்காது.

ரெண்டு வருசமா அப்படியே கிடந்த பேட்டரி. உயிர் வருமா?

முதலில் வோல்ட்டைப் பாருங்கள். 4.2 பக்கம் நிலையாக நின்றால் இரண்டு செல் நல்லது, ஒன்று ஷார்ட். அதோடு போராட வேண்டாம். பழைய மாதிரி, மேலே தார் பூசி, செல்லுக்குச் செல் ஈயப் பட்டை வெளியே தெரிகிற பேட்டரியாக இருந்தால் எந்தச் செல் போனது என்று ஒவ்வொன்றாக மீட்டர் வைத்தே கண்டுபிடிக்கலாம்.

மூன்றும் ஒன்றுபோல் இறங்கியிருந்தால் 1 ஆம்பியரில் இரண்டு மூன்று நாள் வைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் வோல்ட் சட்டென்று 8-க்கு ஏறும், ஆம்பியர் ஏறாது. சல்பேட் இறுகியதன் அடையாளம் அது. பொறுமையாக விட்டால் சில சமயம் வோல்ட் இறங்கி, ஆம்பியர் ஏறி, ஹைட்ரோமீட்டர் மெதுவாக எழும். இரண்டு நாளாகியும் ஆசிட் அடர்த்தி அசையவில்லை, பெட்டி மட்டும் சுடுகிறது என்றால் விட்டுவிடுங்கள்.

பேசாமல் 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடட்டுமா? எல்லாரும் சொல்லுதாங்க.

அவசரப்படாதீர்கள். 6 வோல்ட் பலவீனம் என்று சொல்லப்படும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பலவீனம் வயரில்தான் இருக்கிறது. அதே வேலைக்கு 6 வோல்ட்டில் இரண்டு மடங்கு ஆம்பியர் ஓட வேண்டும். அதனால் வண்டி செய்தவர்கள் விரல் தடிமனுக்குக் கேபிள் போட்டிருந்தார்கள். எப்போதோ அது அறுந்தபோது யாரோ கடையில் கிடைத்த 12 வோல்ட் கேபிளை மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். 12-ல் அரை வோல்ட் வழியில் போனால் தெரியாது. 6-ல் அரை வோல்ட் போனால் செல்ஃப் முனகும்.

சோதிப்பது சுலபம். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். நீங்கள் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் ஆகாத ஈய முனையிலும் மற்றதைச் செல்ஃப் மோட்டார் போல்ட்டிலும் வையுங்கள். பிறகு பேட்டரியின் எர்த் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே வையுங்கள். எதிலாவது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு அங்கேதான். 70 சதுர மில்லிமீட்டர் வெல்டிங் கேபிள் வாங்கி, லக்கை நன்றாக அமுக்கிப் பற்ற வைத்து மாட்டுங்கள். எர்த் பிடிக்கிற இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு பளபளக்கும் வரை தேயுங்கள். பூத்துப்போன டெர்மினலைச் சோடாத் தண்ணீரில் கழுவி, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். என் மாரிஸில் இவ்வளவுதான் செய்தேன். அதன் 918 சிசி இன்ஜின் இப்போது ஒரே அடியில் பிடிக்கிறது. 12-க்கு மாற்றினால் பல்பு, காயில், ஹாரன், பெட்ரோல் கேஜ், டைனமோ என்று ஒவ்வொன்றாக வண்டியின் பிறவிச் சாமான் வெளியே போகும். திரும்பத் தேடினால் கிடைக்காது.

புதுப் பேட்டரி மாட்டின பிறகு டைனமோ சார்ஜ் கொடுக்கவில்லை. டைனமோ போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. டைனமோவின் இரும்பில் கொஞ்சம் காந்தம் மிச்சம் இருந்தால்தான் அது தொடங்கும். பேட்டரியை மாற்றிக் கொடுத்திருந்தாலும், வருடக்கணக்கில் நின்றிருந்தாலும் அந்தக் காந்தம் திரும்பியோ தீர்ந்தோ போயிருக்கும். இன்ஜின் நிற்கும்போது டைனமோவின் ஃபீல்டு (காந்தச் சுருள்) முனைக்குப் பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு வயரை இரண்டு மூன்று தடவை தொட்டுத் தொட்டு எடுத்தால் சரியாகிவிடும். இது இங்கிலாந்து வண்டிகளின் இரண்டு பிரஷ் டைனமோவுக்கான முறை. மூன்று பிரஷ் டைனமோவுக்கும் அமெரிக்க வண்டிகளுக்கும் முறை வேறு. அந்த வண்டியின் கையேட்டைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். மூன்று பிரஷ் வண்டியைப் பேட்டரி இல்லாமல் ஓட்டவே ஓட்டாதீர்கள், வோல்ட் எகிறிப் பல்பும் ஃபீல்டு காயிலும் கருகும்.

வழியில் பேட்டரி இறங்கிவிட்டால்? பக்கத்தில் நிற்கிற கார் எல்லாம் 12 வோல்ட்தானே.

அதிலிருந்து வயர் கொடுக்காதீர்கள். ஹேண்டில் போடுங்கள். அதற்குத்தான் முன்னால் அந்த ஓட்டை இருக்கிறது. கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள், இக்னிஷன் லிவர் இருந்தால் ரிட்டார்டில் (தீப்பொறி தாமதமாக வரும் பக்கம்) வையுங்கள். கட்டைவிரலை மற்ற நாலு விரலோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடியுங்கள், ஹேண்டிலைச் சுற்றி வளைக்கக் கூடாது. கீழேயிருந்து மேலே ஒரு இழுப்பு, அவ்வளவுதான், கீழ்நோக்கி அமுக்கக் கூடாது. இன்ஜின் திருப்பி உதைத்தால் ஹேண்டில் கையை விட்டு நழுவிப் போகும். கட்டைவிரல் சுற்றியிருந்தால் விரல் முறியும். தலைமுறை தலைமுறையாகப் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் இது.

செத்த பேட்டரியை என்ன செய்வது?

புதுசு வாங்குகிற கடையிலேயே கொடுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரி முறையாகத் திரும்பிப் போய்ச் சேர வேண்டும். ஈயத்துக்கு விலையும் உண்டு. எடைக்குப் போடுமுன் ஆசிட்டைக் கொட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கொட்டுகிற இடம் எப்போதும் ஒரு வாய்க்காலாகத்தான் இருக்கும். பாளையங்கால்வாயில் போனால் அது வயலுக்குத்தான் போகும், அதில் ஈயமும் சேர்ந்து போகும். மூடிகளை இறுக்கி, நிமிர்த்தி வைத்து, ஆசிட்டோடு அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள்.